லட்டு கொடுத்தாச்சு... கடிக்கப் பல்லு?

போன மாசம் பையனுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டி மூஞ்சில பூசற கூத்தெல்லாம் வேண்டாம், பூண்டி பக்கத்துல இருக்கற முதியோர் இல்லத்துல ஒரு வேளை சாப்பாடு கொடுத்துட்டு வந்துடலாம்னு வீட்டம்மா சொன்னாங்க. நல்ல யோசனைதானே? லட்டு, மிக்சர், உளுந்து வடை, பாயசத்தோட மதியச் சாப்பாடுன்னு ஏற்பாடு பண்ணிக்கிட்டு கிளம்பிட்டோம். ஏதோ பெரிய புண்ணியம் சேர்க்கப் போற மிதப்பு வேற எனக்கு :-)

அங்கே 34 பேர் இருக்காங்க. எல்லாரும் பையன் தலையில கை வச்சு நல்லா இரு சாமின்னு வாழ்த்தினாங்க. பந்தி பரிமாறும்போதுதான் ஒண்ணு கவனிச்சேன். வடையை ரசத்துல ஊறப் போட்டுக்கிட்டு பாதிப் பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. அப்பளம் எல்லாம் இலை ஓரத்துல ஒதுங்கிக் கிடக்குது. மிக்சர் பொட்டலத்தை ஒருத்தர்கூடப் பிரிக்கலை.

பக்கத்துல இருந்த ஒரு அம்மாகிட்ட கேட்டேன்.

"ஏனுங்காத்தா, மிக்சர் புடிக்காதுங்களா?"

"புடிக்காம என்ன கண்ணு. பல்லு இருக்கறவங்களுக்குக் குடு."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. அவங்க இருபது வருஷத்துக்கு மேல பனியன் கம்பெனியில செக்கிங்ல இருந்தவங்களாம். "அப்பெல்லாம் கட்டர் எங்க குடுத்தாங்க, பிசிறை எல்லாம் பல்லுலயே கடிச்சுத் துப்புவோம். எத்தன லட்சம் பனியனுக்குக் கடிச்சிருப்பேனோ"ன்னாங்க. அந்தப் பல்லெல்லாம் போயாச்சு. பையன் ஒரு பல்செட்டு கட்டிக் கொடுத்து ஏழு வருஷம் ஆச்சாம். கட்டிலுக்கு அடியில ஒரு பழைய மருந்து டப்பாவுல அது பத்திரமா இருக்கு. போட்டா ஈறை அறுக்குது, அதனால போடறதில்லை.

இல்லத்தைப் பாத்துக்கற அம்மா இன்னொரு கதை சொன்னாங்க. ஒரு நாள் புதுசா சேர்ந்த ஆயாம்மா, சுத்தமா இருக்கட்டுமேன்னு எல்லாரோட பல்செட்டையும் கழட்டி வாங்கி ஒரே கிண்ணத்துல போட்டுக் கழுவிட்டாங்க. கழுவினதுக்கு அப்புறம் எது யாரோடதுன்னு தெரியலை. ஒவ்வொருத்தரும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்து, ஓரளவு பொருந்தினதை வச்சுக்கிட்டாங்களாம்.

கேட்டப்போ நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன். ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்ததும் சிரிப்பு வரலை. நான் மெர்ச்சண்டைசிங்ல இருக்கறவன். ஒரு சாதா டீ-சர்ட்டுக்கு மெயின் லேபிள், சைஸ் லேபிள், வாஷ்கேர் லேபிள்னு மூணு லேபிள் வைக்கிறோம். வாஷ்கேர்ல ஒரு எழுத்து மாறினா பையர் சரக்கையே திருப்பி அனுப்புவான். இந்தத் துணியை எப்படித் துவைக்கணும்னு பதினஞ்சு மொழியில எழுதித் தைக்கிற ஊர்ல, ஒரு மனுஷியோட பல்லுல அவங்க பேர் இல்லை. எப்படிக் கழுவணும்னு அங்கே யாருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கலை.

அந்த இல்லத்தைக் குறை சொல்றதுக்கு இதை எழுதலைங்க. 34 பேருக்கு ரெண்டு ஆயாம்மா. குளிப்பாட்டணும், துணி மாத்தணும், மாத்திரை கொடுக்கணும், ஊட்டி விடணும். அவங்க செய்யற வேலையை நம்மால ஒரு நாள் செய்ய முடியாது. நான் சொல்ல வர்றது வேற. வாய்ங்கற ஒண்ணு அந்த வேலைப் பட்டியல்லயே இல்லை. அதுதான் பிரச்சினை.

பல்லுதானே, போனா போகுது?

வயசானா பல்லு போகும், அது இயற்கைன்னுதான் நாம எல்லாருமே நினைக்கிறோம். முடி நரைக்கிற மாதிரி. உண்மையில வயசு மட்டும் பல்லை விழ வைக்கறதில்லை. சொத்தையும் ஈறு நோயும்தான் முக்கியக் காரணம். பொயலை போடற பழக்கம், கட்டுப்படாத சர்க்கரை ரெண்டும் ஈறை இன்னும் மோசமாக்கும். ரெண்டு கைக்கும் பலம் இருந்த வரைக்கும் தானே தேய்ச்சுக்கிட்டவங்க, கை நடுங்க ஆரம்பிச்சதும், பக்கவாதம் வந்ததும், மறதி வந்ததும் தேய்க்கறதை விட்டுடறாங்க. தேய்ச்சு விட இன்னொருத்தர் கை வேணும். அந்தக் கை இல்லாததால வர்றதைத்தான் "வயசாச்சு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறோம்.

இன்னொரு விஷயம் மாத்திரை. ரத்த அழுத்தம், மன அழுத்தம், அலர்ஜி, தூக்கம்னு வயசானவங்க சாப்பிடற பல மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். எச்சில்தான் பல்லுக்கு இயற்கையான காவல். அது வத்திப்போனா சொத்தை வேகமா பரவும், வாய் எரியும், பல்செட்டு வழுக்கும், உமிழ்நீர் இல்லாம சோறு தொண்டையில இறங்காது. "பெரியவர் சரியா சாப்பிட மாட்டேங்கறார், அடம் புடிக்கறார்"னு சொல்றோம்ல, அதுல எத்தனை பேருக்கு வாயில புண்ணுன்னு யாராவது டார்ச் அடிச்சுப் பார்த்திருக்கோமா?

நொறுங்கத் தின்றால் நூறு வயசுன்னு சொன்னவங்க நாம. நொறுக்கப் பல்லு இல்லாதவங்களுக்கு மிச்சம் இருக்கறது கஞ்சி, ரசம் சோறு, டீயில தோய்ச்ச பிஸ்கட். பயறு, கீரைத்தண்டு, பழம், கொட்டை வகை எல்லாம் ஒவ்வொண்ணா தட்டுல இருந்து காணாமப் போகும். சர்க்கரை நோயாளிக்கு எது கூடாதோ அது மட்டும்தான் மெல்லாம முழுங்க முடியறது. இது என்ன விதி பாருங்க.

எல்லாத்தையும் விட எனக்குத் திகிலா இருந்தது நுரையீரல் சமாச்சாரம். வயசானவங்களுக்கு விழுங்கறது தடுமாறும். தூக்கத்துல எச்சில் புரையேறி மூச்சுக்குழாய்க்குள்ள போகும். சுத்தம் இல்லாத வாய்ல இருக்கற கிருமி எல்லாம் அதோட சேர்ந்து போய் நிமோனியா வரலாம். ஜப்பான்ல 11 முதியோர் இல்லங்கள்ல 417 பேரை வச்சு ரெண்டு வருஷம் ஒரு ஆய்வு பண்ணி 2002ல வெளியிட்டாங்க. ஒரு பகுதிப் பேருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்கு அப்புறமும் பணியாளர்களே பல் தேய்ச்சு விட்டாங்க, வாரம் ஒரு தடவை பல் மருத்துவரோ அவரோட உதவியாளரோ பார்த்தாங்க. அந்தக் கவனிப்பு இல்லாதவங்கள்ல 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. கவனிப்பு கிடைச்சவங்கள்ல 11 சதவீதம். நிமோனியாவால செத்துப் போனவங்க அந்தப் பக்கம் 16 சதவீதம், இந்தப் பக்கம் 7.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். 2015ல அமெரிக்காவுல வெளியான இதே மாதிரி ஒரு பெரிய ஆய்வுல நிமோனியா குறைஞ்சதா தெரியலை. அதனால பல் தேய்ச்சா நிமோனியா வரவே வராதுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு பிரஷ்ஷும் பட்டாணி அளவு பேஸ்ட்டும்தான் செலவு. நிமோனியா குறையாட்டியும் வலி குறையும், நாத்தம் போகும், சோறு இறங்கும். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

பல்செட்டைக் கழட்டாமலே தூங்கறவங்களுக்கு நிமோனியா வர்ற அபாயம் ரெண்டு மடங்குக்கு மேலன்னு ஜப்பான்ல 85 வயசு தாண்டின 524 பேரைத் தொடர்ந்து கவனிச்சு 2015ல எழுதியிருக்காங்க. இது செலவே இல்லாத விஷயம். ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டா முடிஞ்சுது.

செக்லிஸ்ட்ல இல்லாதது கம்பெனியில இல்லை

பனியன் கம்பெனியில வேலை பார்க்கறவங்களுக்கு ஆடிட்னா தெரியும். பையர் ஆள் வருவான். தீயணைப்பு சிலிண்டர் தேதி, ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டி, குடிதண்ணி, டாய்லெட், அவசர வழி எல்லாம் டிக் அடிப்பான். அதுல என்ன இருக்கோ அது கம்பெனியில கண்டிப்பா இருக்கும். அதுல இல்லாததை யாரும் சீந்த மாட்டாங்க. நல்லவங்க கெட்டவங்கங்கற கணக்கே இல்லை, செக்லிஸ்ட்தான் கணக்கு.

2022 அக்டோபர்ல எங்க பூண்டியில நடந்தது உங்கள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு தனியார் காப்பகத்துல சாப்பிட்ட சாப்பாடு ஒத்துக்காம 3 சிறுவர்கள் செத்துப் போனாங்க. ஊரே உறைஞ்சு போச்சு. காப்பகங்கள்னாலே சமையலறை, தண்ணித்தொட்டி, அரிசி மூட்டைன்னு எல்லாருக்கும் கண்ணு போனது அப்போதான். ரொம்ப சரி, அது கண்டிப்பா பார்க்க வேண்டியது. ஆனா ஒரு உயிர் போனாத்தான் ஒரு வரி செக்லிஸ்ட்ல ஏறும்னா வாய்க்கு அந்த வரி எப்பவுமே ஏறாது. ஏன்னா வாயால செத்தவங்க யாரும் வாயால செத்ததா எழுதப்பட மாட்டாங்க. "வயசானவர், சாப்பிடாம இளைச்சுப் போய், சளி கட்டி" போயிட்டார்னுதான் இருக்கும்.

சட்டம் இருக்கான்னா இருக்கு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம், 2007. அதோட 19ஆவது பிரிவு ஆதரவில்லாத முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, குறைஞ்சது 150 பேர் தங்கற மாதிரி அமைக்கலாம்னு சொல்லுது. 20ஆவது பிரிவு அரசு மருத்துவமனையில முதியோருக்குப் படுக்கை, தனி வரிசை, நாள்பட்ட நோய்களுக்கான வசதி எல்லாம் பேசுது. பல்லுன்னு ஒரு வார்த்தை இல்லை. மத்திய அரசு 2010-11ல முதியோர் நலத்துக்குன்னு ஒரு தேசியத் திட்டம் கொண்டு வந்தது. 2014-15ல வாய் நலத்துக்குன்னு தனியா இன்னொண்ணு. ரெண்டும் நல்ல திட்டங்கள்தான். ஆனா ரெண்டும் ஒரு முதியோர் இல்லத்து வாசல்ல சந்திச்சுக்கிட்டதை நான் இன்னும் பார்க்கலை.

நம்ம மாநிலத்துல மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க. வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கறாங்க, சர்க்கரை மாத்திரை கொடுக்கறாங்க, பிசியோதெரபி, படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு வலி தணிக்கற சிகிச்சை எல்லாம் உண்டு. நான் மனசாரப் பாராட்டற திட்டம் இது. வீடு தேடி வர்ற அதே கை, முதியோர் இல்லத்துக்கும் போய், "வாயைத் திறங்க பாட்டி"ன்னு ஒரு டார்ச்சும் அடிச்சுப் பார்த்தா என்ன? ஆறாத புண்ணு, வெள்ளைத் திட்டு, வீக்கம் இதெல்லாம் சீக்கிரம் தெரிஞ்சா வாய்ப் புற்றுநோயைக்கூட ஆரம்பத்துலயே பிடிக்கலாம். பொயலை போட்டே வளர்ந்த தலைமுறைங்க அது.

வெளிநாட்டுல எல்லாம் சொர்க்கம்னு நினைச்சுக்காதீங்க. இங்கிலாந்துல பராமரிப்பு இல்லங்களைக் கண்காணிக்கற அமைப்பு 2019ல 100 இல்லங்களைப் போய்ப் பார்த்தது. 52 சதவீத இல்லங்கள்ல வாய் சுத்தத்துக்குன்னு ஒரு எழுத்துப்பூர்வ நடைமுறையே இல்லை. 47 சதவீத இல்லங்கள்ல பணியாளர்களுக்கு இதுல பயிற்சி இல்லை. அவ்வளவு பணம் இருக்கற ஊர்லயே நிலைமை இதுதான். வித்தியாசம் என்னன்னா அங்கே ஒருத்தன் போய் எண்ணிப் பார்த்தான். இங்கே எண்ணக்கூட ஆள் போகலை.

ஜப்பான் 1989லயே 8020ன்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சது. 80 வயசுல 20 சொந்தப் பல்லு இருக்கணும், அவ்வளவுதான் இலக்கு. ஆரம்பிச்சப்போ பத்துல ஒருத்தர்கூடத் தேறலை. 2016 கணக்குப்படி பாதிப் பேருக்கு மேல அந்த இலக்கைத் தொட்டுட்டாங்க. ஒரு தலைமுறை ஆச்சு, ஆனா ஆச்சு.

"போற வயசுல பல்லு எதுக்கு?"

இந்தக் கேள்வியை என் நண்பர் ஒருத்தரே கேட்டார். கெட்டவர் இல்லை, யதார்த்தமா கேட்டார். காசு இருந்தா கண் ஆபரேஷன் பண்ணலாம், மூட்டுக்குப் பார்க்கலாம், பல்லுக்கெல்லாம் போய்...

அவர்கிட்ட ஒண்ணுதான் கேட்டேன். "நாளைக்குக் காலையில இருந்து ஒரு வாரம் பல் தேய்க்காம இரு. மூணாவது நாள் உன் சம்சாரம் பக்கத்துல வருவாங்களான்னு பாரு." அந்த இல்லத்துல இருக்கற பெரியவங்களுக்கு வர்ற மனுஷங்களே கொஞ்சம் பேர். வர்ற பேரன் பேத்தியும் நாத்தம் தாங்காம ரெண்டடி தள்ளி நின்னு பேசிட்டுப் போனா அந்த மனசு என்ன பாடுபடும்? பல் போனால் சொல் போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க. பேச்சு குழறுதுன்னு வெட்கப்பட்டே வாயைத் திறக்காதவங்க அங்கே ரெண்டு பேர் இருக்காங்க. நாங்க போனப்போ அவங்களுக்குக் காது கேட்காதுன்னு நினைச்சுட்டோம்.

சரி, என்ன செய்யலாம்?

தெரிஞ்ச பல் டாக்டர் ஒருத்தரைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஞாயித்துக்கிழமை அழைச்சுக்கிட்டுப் போனேன். டார்ச்சும் கையுறையும் ஒரு நோட்டும்தான். ரெண்டரை மணி நேரத்துல 34 வாயையும் பார்த்தாச்சு. ஒரு பெரியவர் பல்செட்டை மாசக்கணக்கா கழட்டவே இல்லை, அடியில மேலண்ணம் முழுக்கச் செவந்து போயிருந்தது. ரெண்டு பேருக்கு வேர் மட்டும் மிச்சமா சீழ் வச்சிருந்தது. அதுல ஒருத்தர்தான் "அடம் புடிக்கற தாத்தா"ன்னு பேர் வாங்கினவர். ஒருத்தருக்குக் கன்னத்துல வெள்ளைத் திட்டு, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கன்னு எழுதிக் கொடுத்தார்.

அவர் சொன்னதையும் நான் பார்த்ததையும் சேர்த்து என் செக்லிஸ்ட் இது:

1. இல்லத்துல சேரும்போதே எடை, ரத்த அழுத்தம் பார்க்கற மாதிரி வாயையும் பார்த்து நோட்டுல எழுதணும். அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை.

2. காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பல் தேய்ப்பு. மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு. படுக்கையில இருக்கறவங்களை நிமிர்த்தி உட்கார வச்சு, தலையைக் கொஞ்சம் முன்னால சாய்ச்சுத் தேய்க்கணும், இல்லாட்டி புரையேறும். பல்லே இல்லாதவங்களுக்கும் ஈரத்துணியால ஈறையும் நாக்கையும் துடைச்சு விடணும்.

3. பல்செட்டைப் பேஸ்ட் போட்டுத் தேய்க்கக் கூடாது, கீறல் விழும். சாதா சோப்பும் பிரஷ்ஷும் போதும். வெந்நீர் கூடாது, வளைஞ்சுடும். ராத்திரி கழட்டி மூடி போட்ட டப்பாவுல தண்ணியில போடணும். டப்பா மேல பேர்.

4. பல்செட்டுலயே பேர் வைக்கணும். செய்யும்போதே பேர் எழுதின சின்னத் துண்டு ஒண்ணை உள்ளே வச்சு மூடிக் கொடுக்க முடியுமாம். கேட்டாத்தான் செய்வாங்க. நாம கேட்கறதில்லை. நம்ம ஊர்க்காரங்களுக்கு லேபிள் வைக்கவா சொல்லித் தரணும்?

5. பல்செட்டு ஒரே நாள்ல முடியற வேலை இல்லை. அளவு எடுக்க, கடி பார்க்க, போட்டுப் பார்க்க, அப்புறம் சரி பண்ணன்னு நாலஞ்சு தடவை போகணும். பல்லு போன இடத்துல எலும்பு கரைஞ்சுக்கிட்டே இருக்கறதால சில வருஷத்துல தளர்ந்து போகும், திரும்ப அடி கட்டணும். அந்த ஏழு வருஷப் பல்செட்டு அறுத்தது இதனாலதான். இதுல காசை விடப் பெரிய தடை, கூடப் போற ஆள். ரெண்டு ஆயாம்மால ஒருத்தர் ஒரு பாட்டியோட போயிட்டா மிச்சம் 33 பேருக்கு ஒருத்தர்தான்.

இந்த அஞ்சாவதுலதான் நாம வர்றோம்.

பிறந்தநாள், கல்யாண நாள், அப்பா அம்மா திதின்னு அங்கே சாப்பாடு போடறதுக்கு ஆள் வரிசையில நிக்கறாங்க. சுவர்ல தொங்கற காலண்டர்ல அடுத்த ரெண்டு மாசத்துக்கு ஞாயித்துக்கிழமையே காலி இல்லை. எல்லாரும் கொடுக்கறது இனிப்பு. 34 பேர்ல பாதிக்கு மேல சர்க்கரை, முக்கால்வாசிப் பேருக்கு மெல்ல முடியாது. நாங்களும் அதையேதான் செஞ்சோம், அதனால யாரையும் சொல்லிக் காட்டலை. ஆனா அடுத்த தடவை லட்டுக்குப் பதிலா 34 பிரஷ், 34 மூடி டப்பா, ஒரு மார்க்கர் பேனா. இல்லைன்னா ஒரே ஒருத்தருக்கு ஒரு பல்செட்டு. அதுவும் முடியலைன்னா ஒரு காலை நேரமும் ஒரு ஆட்டோவும். படையல் போடற நாளுக்கு ஒரு பாட்டியை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டு வந்தாலும் உங்கப்பா திருப்தியாத்தான் இருப்பார்.

எங்க ஊர்க் கதை தெரிஞ்சிருக்கும். பொன்னோட வந்த சுந்தரரைச் சிவபெருமானோட பூதங்களே வேடர் வேஷத்துல வழிமறிச்சுப் பறிச்ச இடம்தான் திருமுருகன்பூண்டி. அவர் பாடிக் கேட்டதும் பறிபோனது எல்லாம் திரும்பி வந்துடுச்சு. வயசு பறிச்ச பல்லு பாடினா திரும்பி வராது. ஆனா கேட்கணும். அவங்க கேட்க மாட்டாங்க. பல்லு இருக்கற நாமதான் கேட்கணும்.

அந்த செக்கிங் ஆத்தாவுக்கு அளவு எடுத்தாச்சு, கடி பார்த்தாச்சு. இன்னும் ரெண்டு தடவை போகணும். போன வாரம் திரும்பி வர்றப்போ ஆட்டோல இருந்து இறங்கிட்டு, "ஏன் கண்ணு, அன்னைக்குக் குடுத்தியே, அந்த மிக்சரு எந்தக் கடை?"ன்னு கேட்டாங்க.

சொல்லியிருக்கேன்.

பி.கு: உங்க ஊர்லயும் ஏதாவது இல்லத்துக்குப் போவீங்கதானே? அடுத்த தடவை போனா, பரிமாறி முடிச்சதும் இலை ஓரத்துல என்ன ஒதுங்கிக் கிடக்குதுன்னு மட்டும் ஒரு பார்வை பார்த்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.